சைலன்சருக்குச் சிவப்பு அடிக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்க நெருங்க, பழைய மாசி பெர்குசன் 1035 டிராக்டர்கள் எங்கள் பெயிண்ட் பட்டறை வாசலில் வரிசை கட்டுகின்றன. வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான்: “பானெட்டுக்கு அடிக்கிற அதே சிவப்பை சைலன்சருக்கும் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்களேன்.” முடியாது என்றால், கூடக் காசு வாங்கத்தான் தனி பெயிண்ட் கதை விடுகிறோம் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

எஞ்சின் பிளாக்குக்குத் தண்ணீர் சுற்றுகிறது. அதன் சூடு ஏறக்குறைய 80 முதல் 100 டிகிரிக்குள் அடங்கிவிடும். கிரீஸ், எண்ணெய் சுத்தமாகப் போகக் கழுவி, பிரைமர் கொடுத்து அடித்தால் நல்ல எனாமல் பெயிண்டே அங்கே வருஷக்கணக்கில் நிற்கும். எஞ்சின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அப்படியில்லை. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் போட்டு ஈர மண்ணில் முழு லோடில் இழுக்கும்போது, எஞ்சினிலிருந்து வரும் புகையின் சூடு 500 டிகிரியைத் தொடக்கூடும். அந்தச் சூட்டில் எனாமலில் உள்ள பிசின் கருகிவிடும். முதலில் பழுப்பாகும், அப்புறம் கொப்புளிக்கும், கடைசியில் அப்பளம் மாதிரி உதிரும். அடியில் ரெட் ஆக்சைடு பிரைமரோ பட்டியோ இருந்தால் அதுவும் சேர்ந்தே கழன்று வரும்.

அதற்கென்று இருப்பது சிலிகான் பிசினில் செய்த ஹீட் பெயிண்ட். 600 டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பதையே வாங்குகிறோம். கறுப்பு, சில்வர், சாம்பல் நிறங்களில் எளிதாகக் கிடைக்கும். பானெட்டில் இருக்கும் பளபளச் சிவப்பு கிடைக்காது, ஏனென்றால் அந்த நிறம் கொடுக்கும் பொடியே அவ்வளவு சூட்டில் எரிந்துவிடும். என்னைக் கேட்டால் சிவப்பு வண்டிக்குக் கறுப்பு சைலன்சர்தான் எடுப்பு.

இந்த பெயிண்டுக்கு வெறும் இரும்புதான் வேண்டும். பழைய மேனிஃபோல்டைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை எடுக்கும் சேண்ட் பிளாஸ்டிங் செய்கிறோம். எஞ்சின் ஹெட்டிலிருந்து கசிந்த எண்ணெய் ஊறிப்போன வார்ப்பிரும்பை லேசாகச் சூடு காட்டினால் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு வியர்க்கும். அது நிற்கும்வரை துடைத்துத் துடைத்துச் சூடாக்க வேண்டும். கசிவைத் தடுக்கும் கேஸ்கட் உட்காரும் முகத்தில் டேப் ஒட்டிவிடுவோம், அங்கே பெயிண்ட் படக்கூடாது. பிறகு மெல்லிசாக இரண்டு கோட்டு. “காசு கொடுக்கிறேன், கெட்டியாகவே அடியுங்கள்” என்பார்கள். கெட்டியாக அடித்தால் உள்ளே சிக்கிய தின்னர் சூடேறியதும் வெடித்துக் கிளம்பும்.

இது காற்றில் காய்ந்து இறுகும் சரக்கும் இல்லை. தொட்டால் ஒட்டாதே தவிர, நகத்தால் கீறினால் கோடு விழும், டீசல் பட்டால் வழண்டுவிடும். சுமார் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வெந்தால்தான் கெட்டிப்படும். கழற்றிய பாகங்களை பவுடர் கோட்டிங் அடுப்பில் வைத்து எடுத்தே மாட்டுகிறோம். மாட்டியபடியே சைலன்சர் மட்டும் அடித்துக்கொண்டால், வேகவைக்கும் வேலை உங்கள் கையில்தான். வெட்டவெளியில் பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஐட்லிங்கில் ஓடவிட்டு ஆறவிடுங்கள். அடுத்து அரை மணி நேரம் ஓட்டி, திரும்ப ஆறவிடுங்கள். அப்புறம் டிரெய்லர் மாட்டி லோடில் ஓட்டுங்கள். ஐட்லிங் சூடு மட்டும் சைலன்சர் நுனி வரைக்கும் போதாது. முதல் தடவை புகையும் காட்டமான வாடையும் வரும், பயப்பட வேண்டாம். ஆனால் கொட்டகைக்குள் வைத்து ஓட்டாதீர்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் அடிக்கவும் கூடாது.

சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் எங்களிடம் பெயிண்டுக்குக் கொண்டுவராதீர்கள், புதுசு வாங்கி மாட்டுவதுதான் லாபம். மழை இறங்காமல் வாயில் ஒரு மூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

மேனிஃபோல்டு கழற்ற வேண்டிய வண்டிகளைப் பூஜைக்கு இரண்டு வாரம் முன்பே விட்டுவிடுங்கள். மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் பழைய ஸ்டட் (திருகுக் கம்பி) ஒன்று முறிந்தாலும் அதைத் துளை போட்டு எடுக்க ஒரு நாள் போய்விடும். கூலி எவ்வளவு கூடும் என்பதைச் சொல்லி, உங்களைக் கேட்டுக்கொண்டுதான் கை வைப்போம்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து