செத்தவர் திரும்பி வந்தால் சமாதானம் சுலபமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேய் பிசாசு வருகிற தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிறைய இடங்களில் தலையாட்டினேன், ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த மாதிரித் தொடர்களில் செத்தவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து வந்துவிடலாம், அதனால் பிரிந்த அப்பாவும் பிள்ளையும் ஒன்றுசேர்வதற்கு அங்கே பெரிய மதிப்பு இல்லை என்கிறார் கட்டுரையாளர். அதற்கு அவர் உதாரணம் காட்டியது 'சூப்பர்நேச்சுரல்'. அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005 முதல் 2020 வரை ஓடிய அமெரிக்கத் தொடர், 15 சீசன், 327 எபிசோடு. கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில் 1983 நவம்பர் 2 அன்று இரவு, ஆறு மாதக் குழந்தை சாமின் தொட்டிலுக்கு மேலே அவன் அம்மா மேரியை மஞ்சள் கண் பிசாசு கொன்றுவிடுகிறது. அன்றிலிருந்து அப்பா ஜான் வின்செஸ்டர் இரண்டு பையன்களையும் காரில் ஏற்றிக்கொண்டு, அதைத் தேடி ஊர் ஊராக அலைகிறார். மூத்தவன் டீன் அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். சின்னவன் சாம் எனக்கு இந்த வாழ்க்கை வேண்டாம், படிக்கப் போகிறேன் என்று ஸ்டான்ஃபோர்டுக்குக் கிளம்புகிறான். போனால் போனதுதான், திரும்பி வராதே என்று சொல்லிவிடுகிறார் அப்பா.

இதில் சமாதானம் கட்டுரையாளர் நினைப்பதுபோல 300-வது எபிசோடில் அப்பா உயிரோடு வந்து நின்றபோது நடக்கவில்லை. முதல் சீசனின் 20-வது எபிசோடிலேயே பாதி நடந்துவிட்டது. அப்போது ஜான் சாகவே இல்லை, எல்லாரும் ரத்தக்காட்டேரிகளைத் துரத்திக்கொண்டு போகிறார்கள். அப்பா எதையும் விளக்காமல் உத்தரவு மட்டும் போட்டுக்கொண்டே வர, பொறுக்க முடியாத சாம் தான் ஓட்டிவந்த காரை அவர் வண்டிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு நடுரோட்டில் சண்டைக்கு நிற்கிறான். நீ விட்டுவிட்டுப் போனாய் என்கிறார் அவர், கதவைச் சாத்தியது நீங்கள்தான் என்கிறான் இவன், நடுவில் புகுந்து இருவரையும் பிரித்துவிடுகிறவன் டீன். வழக்கமாகவே அவனுக்கு அதுதான் வேலை.

அதற்கப்புறம் அறைக்குள் அப்பாவும் பிள்ளையும் மட்டும் இருக்கும்போது ஜான் திடீரென்று பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். நீ பிறந்த அன்று உன் பெயரில் 100 டாலர் சேமிப்புக் கணக்கில் போட்டேன், உன் அண்ணனுக்கும் அப்படித்தான் போட்டேன், கல்லூரிப் படிப்புக்காக மாசா மாசம் இன்னொரு 100 போட்டு வந்தேன் என்கிறார். எதுவரை என்று சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறார், நமக்குத் தெரியும் எதுவரை என்று. ஆக, எந்தப் படிப்புக்காகப் பையனை வீட்டை விட்டே விரட்டினாரோ, அந்தப் படிப்புக்குத்தான் ஒரு காலத்தில் காசு சேர்த்திருக்கிறார். மனைவி செத்த பிறகு எங்கே பார்த்தாலும் ஆபத்துதான் தெரிந்தது, உங்களைத் தயார்படுத்துகிறேன் என்று எங்கேயோ அப்பாவாக இருப்பதை விட்டுவிட்டுப் பட்டாளத்து வாத்தியாராகிவிட்டேன், உனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே தோன்றவில்லை என்கிறார். நம் ஊர்த் தொடராக இருந்தால் இந்த இடத்தில் வயலின் அழ, மகன் காலில் விழுந்திருப்பான். சாம் லேசாகச் சிரித்துவிட்டு, அம்மாவையும் என் காதலியையும் ஒரே மாதிரிப் பறிகொடுத்த பிறகு நீங்களும் நானும் அப்படியொன்றும் வேறு வேறு ஆட்கள் இல்லை என்கிறான், அவ்வளவுதான். எபிசோடின் கடைசியில், உத்தரவை மீறிப் பையன்கள் வந்ததால்தான் பிழைத்தேன் என்று அப்பாவே ஒப்புக்கொள்கிறார். அவரிடமிருந்து அது வருவது பெரிய விஷயம்.

இனி, பேய்க்கதை என்பதால் சமாதானம் மலிவாகிவிட்டது என்ற குற்றச்சாட்டு. இரண்டாம் சீசன் முதல் எபிசோடை எடுத்துக்கொள்வோம். விபத்தில் அடிபட்டு டீன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறான். அவனைக் காப்பாற்ற அப்பா எதுவும் செய்யாமல் பழி வாங்குவதையே யோசிக்கிறார் என்று சாம் கத்திக்கொண்டே இருக்கிறான். உண்மையில் அவர் அந்தப் பிசாசிடமே போய், பெரியவன் பிழைக்கத் தன் ஆன்மாவையும் கையிலிருந்த, பிசாசையே கொல்லக்கூடிய துப்பாக்கியையும் கொடுப்பதாகப் பேரம் முடித்துவிட்டார். வந்து சாமிடம், நமக்குள் இனிச் சண்டை வேண்டாமே, பாதி நேரம் எதற்குச் சண்டை போடுகிறோம் என்றே எனக்குத் தெரிவதில்லை என்று தணிந்து பேசிவிட்டு, ஒரு காபி வாங்கி வரச் சொல்லி அனுப்புகிறார். அவன் போனதும் டீனிடம், உன் தோளில் அதிகமாகச் சுமத்திவிட்டேன், சீக்கிரமே பெரியவனாக்கிவிட்டேன் என்று கலங்குகிறார். அப்புறம் அவன் காதில் எதையோ சொல்கிறார். சாம் காபியோடு திரும்பி வரும்போது அப்பா தரையில் கிடக்கிறார்.

காதில் சொன்னது என்ன என்பது பல எபிசோடு கழித்துத்தான் வருகிறது: தம்பியைக் காப்பாற்று, முடியாமல் போனால் நீயே கொல்ல வேண்டியிருக்கும்! சண்டை வேண்டாம் என்று சின்னவனிடம் சொன்ன அதே வாய். அந்தச் சமாதானம் நிஜம்தான், அதற்குள்ளேயே இதுவும் இருந்தது. பேயே இல்லாத குடும்பத் தொடரில் ஓர் அப்பாவை இவ்வளவு அன்போடும் இவ்வளவு கொடுமையோடும் ஒரே காட்சியில் காட்டிவிட முடியுமா என்று கட்டுரையாளரே சொல்லட்டும்.

சரி, அந்த 300-வது எபிசோடுக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் வந்தது, 14-வது சீசனின் 13-வது எபிசோடு. வேண்டியதைத் தரும் ஒரு முத்தின் வழியாக 2003-லிருந்து ஜான் நேராக மகன்கள் முன்னால் வந்து விழுகிறார். அவருக்குச் சாம் வீட்டை விட்டுப் போய்ச் சில வருஷம்தான் ஆகிறது, சாமுக்கோ அப்பா செத்தே பல வருஷம் ஆகிவிட்டது. அப்பா மன்னிப்புக் கேட்கிறார். அந்தச் சண்டையில் என்ன பேசினேன் என்றே எனக்கு ஞாபகம் இல்லை, உங்களை நினைத்தால் ஆஸ்பத்திரித் தரைதான் கண்ணுக்கு வருகிறது, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லையே என்கிறான் சாம். நீங்கள் செய்த சிலது தப்புதான் என்பதையும் விடாமல் சொல்லிவிடுகிறான். எனக்கு அந்தக் காட்சியில் மிகவும் பிடித்தது அந்த ஒரு வரிதான், அது இல்லாவிட்டால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

கட்டுரையாளர் சொன்னபடி செத்தவர் வந்துவிட்டார். ஆனால் தங்க முடியவில்லையே! அவர் இங்கே இருந்தால் காலம் மாறும், இந்த மகன்கள் இதே மகன்களாக இருக்க மாட்டார்கள், முன்பே உயிர்த்து வந்திருந்த மேரியும் இல்லாமல் போவாள். நான்கு பேரும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அவரைத் திருப்பி அனுப்பச் சம்மதிக்கிறார்கள். 2003-ல் காருக்குள் கண்விழிக்கிற ஜானுக்கு எல்லாம் நல்ல கனவு ஒன்றாக மட்டுமே மிஞ்சுகிறது. அதன் பிறகும் அவர் சின்ன மகனோடு பேசவில்லை என்பதுதான் கொடுமை. பேச்சுவார்த்தை இல்லாத அந்த வருஷங்களில், அவன் பத்திரமாக இருக்கிறானா என்று பார்க்க அவ்வப்போது ஸ்டான்ஃபோர்டு பக்கம் போய்வருவார் என்று முதல் சீசனிலேயே டீன் சொல்கிறான். அவ்வளவு தூரம் போனவர் கதவைத் தட்டவில்லை.

சேர்ந்ததை ஒருவர் மட்டும் ஞாபகம் வைத்திருக்கிற சமாதானம் இது. மதிப்பில்லை என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. குறை சொல்ல வேண்டுமானால் நானே ஒன்று சொல்கிறேன்: விட்டுப்போன பிள்ளைக்கு மூன்று காட்சி வைத்தவர்கள், கூடவே இருந்து எல்லாவற்றையும் சுமந்த டீனுக்கு அப்பாவிடம் நின்று மனம்விட்டுக் கோபப்பட அதிகம் இடம் கொடுக்கவில்லை.

327 எபிசோடு பார்க்க நேரமில்லை என்பவர்கள் மேலே சொன்ன மூன்றையும் அதே வரிசையில் பார்த்தால் போதும். கட்டுரையாளரும் பார்க்கட்டும், கடைசி ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்