பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தில்லியில் நிற்கும் கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலக் கார் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துத் தினமும் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடச் சொல்லலாம் என்று இருந்தது. தில்லித் தமிழர் பலர் நல்லது என்று நம்பிச் செய்வதும் இதுதான். ஆனால் இதனால் பேட்டரி தேறுவதில்லை.

குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகிவிடுவதால் செல்ஃப் மோட்டார் வழக்கத்தைவிட அதிகமாகக் கரன்ட் இழுக்கும். பேட்டரியோ 25 டிகிரியில் தரும் திறனில் 80 சதவீதத்தைத்தான் 0 டிகிரியில் தரும். சார்ஜ் ஏறுவதும் மெதுவாகத்தான். கார் நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் முழு அளவு தருவதில்லை. ஹெட்லைட்டும் ப்ளோவரும் பின்கண்ணாடியின் பனிமூட்டத்தைப் போக்கும் டீஃபாகரும் சேர்ந்து ஓடினால் ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம். போதாக்குறைக்கு, இன்ஜின் சூடேறுமுன் அணைத்துவிடுவதால் புகையிலுள்ள நீராவி சைலன்சருக்குள் தண்ணீராகத் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். மூடிய கராஜில் இதைச் செய்தால் கார்பன் மோனாக்சைடால் உயிருக்கே ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரர் உதவ விரும்பினால் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டி வரட்டும். முடியாவிட்டால் தொடாமல் விடுவது மேல்.

பள்ளிகளின் குளிர்கால விடுமுறையும் பொங்கலும் அடுத்தடுத்து வருவதால், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிய குடும்பம் திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) ஃபிளாட் வாசலில் பூட்டி நிற்கும் காரும் அதுவரை சும்மா இருப்பதில்லை. அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை குடித்துக்கொண்டே இருக்கும். 50 என்றே வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர், 20 நாளில் 24. சின்னக் கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. மீதமுள்ள 11-ஐ வைத்து ஜனவரிக் காலையில் கார் கிளம்பாது. 'டக் டக்' சத்தம்தான் வரும். ஜிபிஎஸ் டிராக்கரோ, நிறுத்திய பிறகும் படம் பிடிக்கும் டேஷ்கேமோ இருந்தால் இன்னும் சீக்கிரம்.

இதற்கு வேண்டியது ஒரு 10 எம்எம் ஸ்பேனர். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கி வைத்தால் போதும். பாசிட்டிவை முதலில் கழற்றக் கூடாது. ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும். பேட்டரியைக் கழற்றியபின் ரிமோட் வேலை செய்யாது என்பதால், பானெட்டை மூடிவிட்டுக் கதவைச் சாவியால் பூட்டுங்கள். புஷ் பட்டன் கார்களில் அந்தச் சாவி ரிமோட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பலருக்கு அது தெரியாது. கிளம்புமுன் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, சார்ஜ் போட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு வாரக்கணக்கில் போகாதீர்கள். பனி ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'. டயர் காற்று ஒவ்வொரு 5, 6 டிகிரி குறைவுக்கும் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். அக்டோபர் மதியம் பிடித்த 33, ஜனவரிக் காலையில் 28 அளவில் நிற்பது அதனால்தான். பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், காற்றுப் போகும் துணிக் கவர் நல்லது. திரும்பி வந்து செல்ஃப் அடிக்குமுன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள், பூனை படுத்திருக்கலாம்.

ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துவிடுமோ என்ற பயம் தில்லிக்குள் பெரும்பாலும் தேவையில்லை. தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 ஜனவரி 1 அன்று பதிவானதே 1.1 டிகிரிதான்; பூஜ்யத்துக்குக் கீழே போக 1935 ஜனவரியைத் தேட வேண்டும். ஆனால் விடுமுறைக்கு சிம்லா, மணாலி என்று காரெடுத்துப் போய் இரவில் ஓட்டல் வாசலில் நிறுத்துகிறவர்கள் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டைப் பார்த்தே ஆகவேண்டும். கோடை முழுக்க வெறும் தண்ணீரை ஊற்றிவந்த ரேடியேட்டரில் கூலன்ட் நீர்த்துப்போயிருக்கும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிவதால் ரேடியேட்டர் மட்டுமல்ல, இன்ஜின் பிளாக்கே வெடிக்கலாம். கூலன்டில் உறையாமல் காக்கும் எத்திலீன் கிளைக்காலும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதியாக இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். கிளைக்கால் மட்டும் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், அது மைனஸ் 13-லேயே உறையும். முன்கண்ணாடியில் பனி படிந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். இரவிலேயே வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள்.

டீசல் காரென்றால் கூடுதல் கவனம். நம் ஊர் குளிர்கால டீசலுக்கே, ஃபில்டர் அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்குத் தரநிலை விதித்த உச்சவரம்பு 6 டிகிரி. அதற்கும் கீழே போகப்போக டீசலிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். லடாக்குக்கென்று மைனஸ் 33 வரை ஓடும் டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

எல்லாம் செய்தும் பேட்டரி இறங்கிவிட்டால், இன்னொரு காரின் நல்ல பேட்டரியோடு இணைக்கும் சிவப்பு, கறுப்பு ஜம்பர் கேபிள். சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில். அதன் மறுமுனையை இறங்கிய காரின் இன்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. கழற்றுவது இதற்குத் தலைகீழ். மலையில் இரவு முழுக்க நின்ற, சார்ஜ் தீர்ந்த பேட்டரி வீங்கியிருந்தாலோ உள்ளே பனிக்கட்டி தெரிந்தாலோ ஜம்பர் மாட்டவே கூடாது, வெடிக்கும். அதை மாற்ற வேண்டியதுதான்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக்குகள் சிலர்,
முனிர்கா, புதுதில்லி