யானை வேலியை வட்டை எல்லைக்கு மாற்றித் தருமாறு கோரும் மனு

மாவட்ட அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

ஊடாக: பிரதேச செயலாளர், போரதீவுப்பற்று, வெல்லாவெளி.

பெருமதிப்புக்குரியீர்,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வட்டைகளில், அதாவது சேர்ந்து கிடக்கும் வயல்வெளிகளில், பெரும்போக வேளாண்மை ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, தை, மாசியில் வெட்டப்படுகிறது. குடலை தள்ளிக் கதிர் பால்கட்டும் நாட்களில்தான் யானையின் தொல்லை உச்சத்துக்குப் போகும். அது தின்பதைவிட மிதிப்பது அதிகம். வரம்பு உடைந்து, தண்ணீர் விடும் வாயான வக்கடை சிதைந்தால் எஞ்சிய பயிருக்கும் தண்ணீர் நிற்காது.

யானையைப் பிடித்து வேறு காட்டில் விடும்படி நாங்கள் கேட்கவில்லை. அப்படி விடப்பட்டவை திரும்பி வந்ததும், போன இடத்தில் புதிதாகக் கரைச்சல் கொடுத்ததும் தெரிந்த விடயம். எங்கள் கோரிக்கை வேலி நிற்கும் இடத்தைப் பற்றியது.

மின்வேலி பெரும்பாலும் வனஜீவராசிகள் காப்பகத்தின் எல்லையில் போடப்படுகிறது. ஆனால் நாட்டில் யானை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 வீதம் காப்பகங்களுக்கு வெளியே கிடக்கிறது. ஆகவே வேலிக்கு இரு பக்கமும் யானை நிற்கும். நடுக்காட்டில் ஓடும் கம்பியில் கொடி படர்ந்தாலும் கம்பம் சாய்ந்தாலும் பார்க்க ஆளில்லை. 2020 இல் தயாரான யானை மனித முரண்பாட்டுக்கான தேசிய செயற்திட்டம் பரிந்துரைப்பதும் ஊரைச் சுற்றிய நிரந்தர வேலியையும், வயலைச் சுற்றிய போக வேலியையுமே.

200 ஏக்கர் வட்டைக்குச் சுமார் 4 கிலோமீற்றர் வேலி போதும். நீளவாக்கில் கிடக்கும் வட்டையென்றால் 5 வரும். 10 மீற்றருக்கு ஒன்றாக 400 கம்பம், இரண்டு வரிசைக்கு 8 கிலோமீற்றர் நாகமுலாம் பூசிய கம்பி, இன்சுலேற்றர் 800, கம்பிக்கு மின்னை விட்டுவிட்டு அனுப்பும் எனர்ஜைசர் ஒன்று, 12 வோல்ற்று பற்றரி, சோலார் தகடு, மண்ணில் இறக்க 6 அடி எர்த் கம்பிகள் மூன்று. கம்பங்களுக்குக் காட்டில் தடி வெட்டத் தேவையில்லை, கிளிசறியா போதும்.

பிழைப்பது பெரும்பாலும் சின்ன விடயங்களில்தான். ஈரப்புல் கம்பியில் முட்டினாலே மின் கசியும். கம்பியின் கீழ் ஒரு பாகம் (ஆறடி) அகலத்துக்குப் புல் வெட்டியிருக்க வேண்டும். சிறுபோகத்தில் ஆடி, ஆவணிக் காய்ச்சலில் மண் வறண்டால் எர்த் வேலை செய்யாது. அப்போது எர்த் கம்பியடியில் தண்ணீர் ஊற்றுவதுடன், கீழ்வரிக் கம்பியை எர்த்தோடு இணைத்துவிட்டால், இரண்டையும் சேர்த்துத் தொடும் யானைக்கு அடி விழும். பொழுதுபட்டதும் வேலியின் கடைசி முனையில் மீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும். 6,000 வோல்ற்று நல்லது. 4,000க்குக் கீழே இறங்கினால் வேலி இருந்தும் இல்லாததுதான். ஒரு முறை கம்பத்தை மிதித்துச் சாய்த்துப் பழகிய அலியன் (கொம்பில்லாத ஆண் யானை), பிறகு கம்பியை மதிக்காது.

இந்த வேலி கொல்லாது. மின் ஒரு கணத்துக்குள் வந்து நின்றுவிடும். பிரதான லைனில் இருந்து 230 வோல்ற்றை நேரே வெறுங்கம்பிக்கு இழுப்பதுதான் யானையையும், விடியற்காலையில் தண்ணீர் பார்க்கப் போகிறவரையும் கொல்கிறது. வேலி கிடைத்தால் அந்த வேலைக்கும், தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் வாய்வெடிக்கும் காரணம் இராது.

வெட்டு முடிந்ததும் வேலியைக் கழற்றிச் சுருட்டி வைப்போம். வயலில் மிஞ்சும் தாளும் சிந்திய நெல்லும் யானைக்கும் பட்டி மாட்டுக்கும் தீனி. காட்டில் புல் கருகும் மாதங்களில் யானைக்கு அது பெரிய உதவி. ஆனால் இதற்கு வட்டை முழுவதும் ஒரே கிழமையில் விதைக்க வேண்டும். ஒருவர் மூன்று மாத நெல்லினமான பிஜி 300ஐயும், பக்கத்தவர் இரண்டு கிழமை பிந்தி மூன்றரை மாத ஏடி 362ஐயும் விதைத்தால், கடைசி வயலுக்காக வேலி ஒரு மாதம் கூடுதலாக நிற்கும்.

ஆகையால், நீர் திறக்கும் நாளோடு வேலி போடும் நாளையும் கழற்றும் நாளையும் பெரும்போக ஆரம்பக் கூட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டுகிறோம். எனர்ஜைசர், தகடு, பற்றரி, கம்பி, இன்சுலேற்றர் ஆகியவற்றை அரசு தர வேண்டும். கம்பம், கூலி, புல் வெட்டு, இராக்காவல் முறை, ஏக்கர் வரிப்பணம் எங்கள் பொறுப்பு. வட்டை வேலைகளைப் பார்க்கும் வட்டைவிதானை கணக்கு வைப்பார். வருடத்தில் ஒரு முறை வேலி பார்க்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் தொழில்நுட்பவியலாளர் ஒருவரையும் அனுப்பி உதவுங்கள். முதலில் ஒரு வட்டையில் இரண்டு போகம் செய்து பார்த்து, சரிவந்தால் மற்ற வட்டைகளுக்கு விரிக்கலாம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள வட்டை விவசாயிகள்

இணைப்பு: வட்டையின் எல்லை வரைபடம், ஏக்கர் விபரம், கையொப்பப் பட்டியல்