பாசிப் பெண்களையும் கூப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டமாக வரும் கடற்பாசிப் பூங்காவைப் பற்றிய கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். விதைப்பாசி, மிதவை, ஏற்றுமதி எல்லாம் விரிவாக இருந்தன. பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. இந்தக் கரையில் முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள், அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வரும் தாய்மார்களின் விரல் நுனிகள் வெடித்திருக்கும். துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். பாறை அதையும் கிழித்துவிடும். ரேஷன் கடைக் கருவியில் கைரேகை விழவில்லை என்று ஒருத்தி மூன்று முறை அலைந்ததை நானே பார்த்தேன். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் பிடிக்கும், கட்டக்கோரைப் பாசி எந்த மாதம் செழிக்கும் என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரியும்.

மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று அவர்களே பேசி முடிவெடுத்துக்கொண்டார்கள். விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் இவர்களும் பாசி எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பாசி மறுபடி தழைக்க நேரம் வேண்டாமா என்பது அவர்கள் கணக்கு. எல்லாரும் யோக்கியர் என்று சொல்ல வரவில்லை. கணக்கை மீறிக் கடலுக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஊர்க்கூட்டத்தில் கிடைக்கும் வசவை எழுத்தில் போட முடியாது. பாசி எடுக்கும் சின்னப்பாலத்து லட்சுமிக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருதை 2015இல் அமெரிக்காவில் கொடுத்தார்கள். நம் கூட்டங்களில் இந்தப் பெண்களுக்கு ஒரு நாற்காலி போட இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. அது தேவைதான். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. ஆனால் தேசியப் பூங்கா வந்தபின், பாறையை வெட்டி விற்றவனும் பாசி பறித்த பெண்ணும் ஒரே தட்டில் வைக்கப்பட்டார்கள். தீவுப் பக்கம் போனாலே குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் வெளிநாட்டுப் பாசி. மன்னார் வளைகுடாத் தீவுகளின் அருகே அதை வளர்க்கக்கூடாது என்று 2005இல் அரசாணை வந்தது. அப்படியும் 2008இல் குருசடைத் தீவின் பவளத்தின் மேல் அது படர்ந்திருந்தது தெரியவந்தது. அறுத்துவிட்ட ஒரு துண்டிலிருந்துகூட மறுபடி வளரும் பாசி அது. வளர்ப்பே வேண்டாம் என்பது என் வாதமல்ல. பாசி வளர்த்துக் கடனை அடைத்த குடும்பங்களையும் அறிவேன். ஆனால் தென்கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் வளைகுடாவில் ஒரு பாறையின் நிறம் மாறினால் முதலில் யார் கண்ணில் படும்? ஆய்வுப் படகு எப்போதாவது வரும். மாதத்தில் 12 நாள் அதே பாறையில் கைவைக்கும் பெண் அன்றே கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்துச் சொன்னால், ‘அங்கே உனக்கு என்ன வேலை’ என்று கேள்வி வரும் என்பதால் வாயைத் திறக்க மாட்டாள்.

தீவுகளைக் கண்காணிக்கும் வேலையில் இவர்களை அரசு பெயர் பதிந்து சேர்த்துக்கொள்ளலாம். பாசி வளர்ப்புக்கு இடம் குறிக்கும்போது இவர்களையும் கலந்து குறிக்கலாம். படகில்லாதவளும் மீனவர்தான் என்று அடையாள அட்டையிலும் ஒப்புக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன், செலவே இல்லாதது. மீனவர் குறைதீர் கூட்டத்தை ராமநாதபுரத்தில் நடத்துகிறார்கள். போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். ஒரு தடவையாவது அதைச் சின்னப்பாலத்தில் நடத்தட்டும். பெண்கள் நிச்சயம் வருவார்கள். அன்று பாசி நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாம்பன்.