காது உடைத்த காஸெட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குயீன் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் ‘ஃபேஸ் இட் அலோன்’ பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1988இல் பாடிவைத்து 2022 அக்டோபர் 13 அன்று வெளியான பாட்டைக் கேட்டு ரசிகர்கள் அழுததைக் கட்டுரையாளர் கொஞ்சம் கேலியாகவே எழுதியிருக்கிறார். பாடினவரே வேண்டாமென்று ஒதுக்கியதைக் கிளறி எடுத்து விற்கிறார்கள் என்பது அவர் கட்சி. அழுத கூட்டத்தில் ராயபுரத்துக்காரன் ஒருவனும் உண்டு என்பதால் இந்தக் கடிதம்.

‘தி மிராக்கிள்’ ஆல்பத்துக்காக அவர்கள் சுமார் முப்பது பாட்டுகளில் கைவைத்தார்கள். 1989 மே மாதம் வந்த ஆல்பத்தில் ஏறியவை பத்து. மற்றவையெல்லாம் ஒதுக்கப்பட்டவை என்றால், முதல் பந்தியில் இடம் கிடைக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனை விரட்டப்பட்டவன் என்று சொல்வதுபோல் இருக்கிறது. இந்தப் பாட்டின் நாடாவைப் பல தடவை எடுத்துப் பார்த்து, தேறாது என்று திரும்ப வைத்துவிட்டதாக குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே சொல்லியிருக்கிறார். பிறகு ஒலிப் பொறியாளர்கள் துண்டு துண்டாகச் சேர்த்துக் கோத்துக் கொடுத்தார்கள். குரல் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியுடையதேதான்.

பாட்டு அரைகுறை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தொடங்கிய இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. அவர்களுடைய நல்ல பாட்டுகளோடு சேர்த்து வைக்க மாட்டேன்.

ஆனாலும் அழுதேன். எங்கள் ராயபுரத்தில் 1910இல் கட்டிய பார்சி அக்னி கோயில் இருக்கிறது. மற்ற மதத்தார் உள்ளே போக முடியாது. சின்ன வயதில் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. ஃப்ரெடியும் பார்சி வீட்டுப் பிள்ளை, இயற்பெயர் ஃபரோக் புல்சாரா, சான்சிபாரில் பிறந்து நம் பஞ்ச்கனியில் போர்டிங் ஸ்கூலில் படித்தவர் என்று பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் சொன்ன அன்றே, “நம்ம ஏரியா ஆளுடா” என்று உரிமை கொண்டாடிவிட்டோம். என்ன உறவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. 1991 நவம்பர் 23 அன்று தனக்கு எய்ட்ஸ் என்று உலகுக்கு அறிவித்து, மறுநாளே போய்விட்டார். இந்தப் பாட்டைக் கேட்கிற யாருக்கும் அந்த ஒரு நாள் ஞாபகம் வராமல் இருக்காது. எல்லாவற்றையும் தனியாகத்தான் எதிர்கொள்ள வேண்டும் என்பதுதானே பாட்டே.

கல்மண்டபம் பக்கத்து டீக்கடையில் டோலக் வாசிக்கிற கூட்டாளி ஒருவனுக்கு இதைப் போனில் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் ஒரு வரி புரியாது அவனுக்கு. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இன்னா நைனா, சாவு வூட்டு கானா மாரி கீது” என்றான். எத்தனையோ விமர்சனம் படித்தேன், இதை யாரும் எழுதவில்லை. காசிமேட்டில் பிணத்தைக் கிடத்தி, விடிய விடிய உட்கார்ந்திருக்கும் வீட்டு வாசலில், இரண்டு மணிக்கு மேல் ஆட்டம் பாட்டமெல்லாம் அடங்கினபிறகு ஒருவர் மெல்ல எடுப்பார் பாருங்கள், யாரும் கூட வரப்போவதில்லை என்று. அதே பாட்டுதான்.

அப்படி ஒரு ராத்திரி பாடினதை, எங்கள் பெரியப்பா இறந்தபோது, அறுபது நிமிட காஸெட்டில் பதிந்து வைத்திருந்தேன். காஸெட்டின் தலையில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதிய முடியாது. ஜாக்கிரதையாக இரண்டையும் உடைத்தேன். என் தம்பி, அந்த ஓட்டையில் காகிதத்தை மடித்துச் செருகி, ஒரு பக்கம் முழுக்க சினிமாப் பாட்டு பதிந்துகொண்டான்! பாடினவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. மறுபக்கம் பிழைத்திருக்கிறது, பூஞ்சை பூத்து.

பீட்டில்ஸ் என்ற இன்னொரு இங்கிலாந்து இசைக்குழுவின் விஷயத்தையும் கட்டுரையாளர் தொட்டிருக்கலாம். 1970களில் அந்தக் குழுவின் மறைந்த பாடகர் ஜான் லெனன் வீட்டில் சாதாரண காஸெட்டில் பாடிவைத்த ‘நவ் அண்ட் தென்’ 2023 நவம்பரில் வெளிவந்தது. பியானோவும் குரலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததால் 1995இல் முயன்று பாதியில் கைவிட்டதை, இப்போது கம்ப்யூட்டர் மென்பொருள் பிரித்துக் கொடுத்தது. ஆக, டோலக் சத்தத்துக்கு அடியிலிருக்கும் கானாக் குரலையும் பிரித்தெடுக்க வழி இருக்கிறது. லெனன் காஸெட்டைப் பத்திரமாக வைத்திருந்து 1994இல் எடுத்துக் கொடுக்க அவர் மனைவி யோகோ ஓனோ இருந்தார். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பரண்களில் இருக்கும் காஸெட்டுகள் மேல் பெயர்கூட எழுதியிருக்காது. வெள்ளையடிக்கும்போது காயலான் கடைக்குப் போய்விடும்.

எனவே ஒரு வேண்டுகோள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பதிந்த கானா காஸெட் யாரிடமாவது இருந்தால், தூக்கிப் போடாமல் தங்களுக்கு ஒரு வரி எழுதச் சொல்லி அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போடுங்கள். பூஞ்சை பிடித்ததை அப்படியே பிளேயரில் போட்டு ஓட்ட வேண்டாம் என்றும் சேர்த்துப் போடவும், நாடா கிழிந்துவிடும். என்னிடம் இருக்கும் அந்த ஒரு பக்கத்தைக் கொடுக்க நான் தயார். மறுபக்கம் என் தம்பியின் சினிமாப் பாட்டு, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ராயபுரம், சென்னை – 13