கெர்ரியைத் தோற்கடித்த கெர்ரிக்காரருக்கு

மதிப்பிற்குரிய மிக் ஓட்வையர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரலில், 88ஆம் வயதில் தாங்கள் மறைந்தபோது, தங்களைப் பற்றிய பேச்செல்லாம் எட்டு என்ற எண்ணையே சுற்றி வந்தது. கேலிக் கால்பந்தில் நான்கு முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற ஆட்டக்காரர், பின்னர் அயர்லாந்தின் கெர்ரி மாவட்ட அணியின் பயிற்றுநராக 1975 முதல் 1986க்குள் எட்டு முறை அதே பட்டத்தை வென்றார் என்பது சாதாரணச் செய்தி அல்லதான். இருந்தும் நான் எழுத உட்கார்ந்தது அந்த எட்டுக்காக அல்ல.

1982 செப்டம்பர் 19 அன்று, அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில், தொடர்ந்து ஐந்தாவது பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்க, கெர்ரி இரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தது. வலைக்குள் அடித்தால் மூன்று புள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் ஒன்று என்பதுதான் அன்றைய கணக்கு. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய, எதிரணியான ஆஃபலியின் ஷேமஸ் டார்பி, உயரமாக வந்த பந்தைக் கெர்ரியின் தடுப்பாட்டக்காரர் டாமி டாய்லுக்குப் பின்னால் பிடித்து வலைக்குள் அடித்துவிட்டார். ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. டார்பியின் கை டாய்லின் முதுகில் பட்டதா இல்லையா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. (பட்டது என்பது என் கட்சி.) அடுத்த ஆண்டு மன்ஸ்டர் மாகாண இறுதியாட்டத்திலும் கடைசி நேரக் கோலில் கார்க்கிடம் தோற்றீர்கள். ஓய்ந்துபோகத் தக்க அந்த இடத்திலிருந்து எழுந்து, 1984, 85, 86 என்று மூன்று பட்டங்களை வரிசையாக வென்றீர்கள்.

அப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் கிடைத்தால் யார்தான் வெல்ல மாட்டார்கள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதற்குத் தாங்கள் வாயால் பதில் சொன்னீர்களோ இல்லையோ, கில்டேர் அணிக்குப் பயிற்றுநராகப் போய் வேலையால் சொன்னீர்கள். 1956க்குப் பிறகு லென்ஸ்டர் மாகாணப் பட்டத்தையே காணாத அந்த அணி 1998இல் அதை வென்று, அகில அயர்லாந்து அரையிறுதியில் கெர்ரியையே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியது. எதிர்ப்பக்கத்தில் கெர்ரியின் பயிற்றுநராக நின்றவர் பாய்டி ஓ ஷே; தாங்கள் வென்ற எட்டுப் பட்டங்களிலும் தங்களுக்காக ஆடியவர். கில்டேரின் வெள்ளைச் சட்டையில் தங்கள் மகன் கார்ல். சொந்த மண்ணின் அணியைத் தோற்கடிக்க ஒருவர் தம் மகனையும் கூட்டி வந்தார் என்று ஊர்த் திண்ணையில் யாராவது சொன்னால், கதை விடாதே என்றிருப்பேன்.

இறுதியாட்டத்தில் கால்வேயிடம் தோற்றதால் அந்தக் கதை முழுமை பெறவில்லை. பிறகு லீஷ், 2003இல், 1946க்குப் பின் முதல் லென்ஸ்டர் பட்டம். அதுவும் கில்டேரை வென்றே. எழுபதைக் கடந்த பின் விக்லோ. லென்ஸ்டர் பட்டத்தை ஒருமுறைகூடத் தொடாத அணியைத் தேடிப் போக அந்த வயதில் யாருக்கு மனம் வரும்?

ஒன்று மட்டும் கேட்காமல் விட்டுப்போயிற்று. 1998இல் அந்த ஆட்டம் முடிந்ததும் பாய்டியிடம் கை நீட்டியபோது தாங்கள் என்ன சொன்னீர்கள், ஐயா?

இப்படிக்கு,
தூரத்திலிருந்து பார்த்த ஒரு ரசிகன்