பக்கத்து வீட்டுச் சீவாளி

என்னிஸ், அயர்லாந்து
டிசம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். உங்கள் நலமும் அம்மா, அக்கா வீட்டார் நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாத பிள்ளைக்கு நீங்கள் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மன்னித்துவிடுங்கள். போனில் "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். நாயனத்தை விலைக்குக் கேட்டுக் கும்பகோணத்திலிருந்து ஆள் வந்துபோனதைக் கடிதத்தில்தான், அதுவும் மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் நாள் ஓடிவிட்டது.

முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். மாதம் ஒரு முறை பஸ்ஸில் லிமெரிக் போய் அரிசியும் பருப்பும் வாங்கி வருவது வழக்கம்; இந்த மாதம் போகவில்லை, உருளைக்கிழங்கே போதும் என்றிருக்கிறது. இங்கத்துக் கிழங்கு வெந்தால் மாவாக உதிர்கிறது. உப்பும் மிளகும் வெண்ணெயும் போட்டுப் பிசைந்தால் வயிறு நிறைந்துவிடும். மழை நம் ஊர் மாதிரி கொட்டித் தீர்ப்பதில்லை, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கிறது. நாலரை மணிக்குள் இருட்டிவிடும். ராத்திரி ஹீட்டர் போடுவதை நிறுத்திவிட்டேன், குளிர் பழகிவிட்டது. வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு நடந்தே போகிறேன். நாற்பது நிமிடம்தான், உடம்புக்கு நல்லது.

தனியாகக் கிடக்கிறேன் என்று அம்மா கவலைப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, வேலியோரம் நின்று பிடில் வாசித்துப் பசுக்களுக்குக் கேட்கவைப்பவர்? போன வாரம் அவர் வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து பாட்டுப் பதிவு செய்தார்கள். நான் இரண்டு நாளும் அங்கேதான் இருந்தேன். டீ போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு.

நம் வயலினேதான் அப்பா. ஆனால் இவர் நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் சாய்த்துப் பிடித்து, காலால் தரையை அடித்துக்கொண்டே வாசிக்கிறார். கூட ஒரு அம்மாள் கான்செர்டினா வாசிக்கிறார். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஆர்மோனியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் புசூகி என்ற தந்தி வாத்தியம், ஒரு பையன் போரான். போரானைப் பார்த்தால் சித்தப்பா விடமாட்டார். ஆட்டுத்தோல் போட்ட பெரிய கஞ்சிரா மாதிரி இருக்கும், ஒரு கை உள்ளே தோலை அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்கும், மறு கை சின்னக் கட்டையால் அடிக்கும். ஐந்தாமவரைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

கால்வேயிலிருந்து வந்த ஒலிப்பதிவுக்காரப் பையன் முதல் வேலையாக ஃபிரிட்ஜை அணைக்கச் சொன்னான், அதன் முனகல் மைக்கில் விழுமாம். பெரியவர் அணைத்துவிட்டுத் தம் கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். சாவியைத் தேடும்போது ஃபிரிட்ஜைப் போட வேண்டியது ஞாபகம் வரும் என்றார். சுவர்க் கடிகாரத்தைக் கம்பளியில் சுற்றி மாடிக்கு எடுத்துப்போனார்கள். பிறகு பெரியவரின் காலுக்கடியில் கனத்த விரிப்பைப் போட்டார்கள். அவ்வளவுதான், வில் தடுமாறிப்போயிற்று. தன் தாளம் தன் காதில் விழாமல் அவரால் ஒரு வரி வாசிக்க முடியவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டு அந்தப் பையனே விரிப்பை உருவிப் போட்டான். காலடிச் சத்தமும் சேர்ந்தேதான் பதிவாகியிருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பாட்டுகளில் பாதி பழையவை, யார் போட்டது என்றே தெரியாதவை. மீதி பெரியவரே போட்டவை. ஒரு மெட்டுக்கு இரண்டு பகுதி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிக்கிறார்கள். முழுதாக மூன்று சுற்று வந்ததும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுகிறார்கள். ஜிக் என்ற ஆட்ட மெட்டு மும்மூன்றாக வரும் திஸ்ரம், ரீல் நான்கு நான்காக வரும் சதுஸ்ரம். ஸ்லிப் ஜிக் என்று ஒன்று உண்டு, ஒன்பது எண்ணிக்கை. சங்கீர்ணம் என்று நினைத்துவிடாதீர்கள், மும்மூன்றாக மூன்று முறை வருகிறது. பெரியவரின் சொந்த மெட்டு ஒன்று பழைய மெட்டுக்கு நடுவில் வந்துபோனது, தைத்த இடமே தெரியவில்லை. நான் அதைச் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

அவர் அலமாரியில் அட்டை கிழிந்த ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது. இந்த நாட்டின் கார்க் மாவட்டத்திலிருந்து கப்பலேறிப் போய், அமெரிக்காவின் சிகாகோவில் போலீஸ் தலைவரான பிரான்சிஸ் ஓநீல் 1903 இல் கொண்டுவந்த தொகுப்பு. 1850 மெட்டுகள் அதில் இருக்கின்றன. ஊரில் இருந்தவர்கள் அல்ல, ஊரைவிட்டுப் போனவர்தான் அதைச் செய்திருக்கிறார். அந்தப் புத்தகத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

ஐந்தாமவர் வாசிப்பது இலன் பைப்ஸ். இலன் என்றால் இந்த ஊர்ப் பழைய மொழியில் முழங்கை என்று அர்த்தமாம். வாய் வைத்து ஊதுவதே இல்லை. வலது அக்குளில் ஒரு துருத்தி, இடது அக்குளில் காற்றுப் பை, மடியில் குழல். விடாமல் சுருதி பிடிக்கும் ஒத்துக்கென்று மூன்று குழல்கள் பக்கத்திலேயே கிடக்கின்றன, ஒரே ஆள்தான் எல்லாவற்றுக்கும். குழலின் உள்ளே இருப்பது சீவாளியேதான் அப்பா. நாணல் தட்டையைச் சீவி இரண்டு நாக்காகக் கட்டியிருக்கிறார்கள். நம்முடையது எச்சிலில் ஊறினால்தான் பேசும், இது ஈரம் படாமலே பேசவேண்டும். வீட்டுக்குள் ஹீட்டர் சூட்டில் காற்று வறண்டு, சீவாளி சுருங்கிச் சுருதி விலகிவிட்டது. அவர் அதைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சீவாளியின் இடுப்பில் இருக்கும் செப்புப் பட்டையை நகத்தால் மயிரளவு அழுத்தினார். பிறகு சரிபார்க்க வாயில் வைத்து ஒரே ஒரு முறை ஊதினார்.

பீ என்ற அந்தச் சத்தம். மார்கழியில் இருட்டோடு திண்ணையில் உட்கார்ந்து, நாயனத்தில் பொருத்துமுன் வெறும் சீவாளியை ஊதிப் பார்ப்பீர்களே, அதே சத்தம். கம்பளிக்குள் சுருண்டு கிடந்து அதைக் கேட்பேன். பின்னாலேயே அம்மா வாசல் தெளிக்கும் சத்தம் வரும். டீ கொதிக்கிறது என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். ஹீட்டரை அணைத்து எல்லோரும் கோட்டு மாட்டி உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் திரும்பி வந்தேன். நான்கு நாளில் மார்கழி பிறக்கிறது. இந்த வருடம் கோயிலில் யார் வாசிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

அதனால் இதைச் சொல்லத் துணிகிறேன். நாயனத்தை விற்காதீர்கள். முன்பல் போனபின் அது உத்தரத்தில் தொங்கி என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். தாத்தா நரசிங்கம்பேட்டையில் சொல்லிச் செய்த ஆச்சா மரம் அது. பன்னிரண்டு வயதில் நான் அதைக் கீழே வைத்தபோது நீங்கள் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருக்கலாம் அப்பா. இந்த இலன் பைப்ஸுக்கென்று 1968 இல் சங்கம் தொடங்கியபோது நாடு முழுவதும் வாசிக்கத் தெரிந்தவர்கள் நூறு பேர்கூட இல்லையாம். 2017 இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. இப்போது கோடைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள்.

அக்கா மகள் நாயனம் கற்க ஆசைப்படுகிறாள் என்று அக்கா என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டாள். உங்களிடம் சொல்லப் பயப்படுகிறாள். பெண் பிள்ளைக்கு மூச்சுத் தாங்காது என்று சொல்லவேண்டாம். நாயனம் வாசித்த மதுரை பொன்னுத்தாய் அம்மாளைப் பற்றித் தாத்தா எத்தனை பெருமையாகப் பேசுவார்! உங்களுக்குப் பல்தான் போயிருக்கிறது, காது போகவில்லை. வாயால் சொல்லிக்கொடுங்கள். புறப்பாட்டு மல்லாரியை நம் வீட்டு வழியில் நீங்கள் பாட, அவள் தன் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பட்டும். சித்தப்பாவைத் தாளம் போடச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜை மட்டும் அணைத்துவிடுங்கள்.

வீட்டு விஷயம். பின்கட்டு ஓடுகளை இந்த மழையோடு மாற்றிவிடுங்கள், அடுத்த ஐப்பசிவரை தாங்காது. மேலத்தெரு மாமா கேட்கும் கைமாற்றுக்குத் தை பிறந்ததும் தருவதாகச் சொல்லிவையுங்கள். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த மாதப் பணம் பத்து நாள் தாமதமாக வரும், இங்கே கணக்குப் பார்ப்பதில் ஏதோ மாற்றம், வேறொன்றுமில்லை. அதற்காக யாரிடமும் கை நீட்ட வேண்டாம், நாயனத்துக்கு விலையும் பேச வேண்டாம்.

திருவாவடுதுறைக்குப் போகும்போது சின்னப் பிள்ளை வாய்க்கு ஏற்ற மெல்லிய சீவாளியாக நான்கு கேட்டு வாங்குங்கள். அந்தப் பணத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்